பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்த திரை

மாஸ்ரர் தன் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அதில் எங்கள் கோயில் திரையில் இருக்கும் முருகனின் முகம் தெரிந்தது. இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெருப்பித்தார். கிரீடம் போனது, நெற்றி போனது, வாய் போனது. கடைசியில் இரண்டு கண்கள் மட்டும் நின்றன.

"இஞ்ச பாருங்கோ. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னன். ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்பிடிக் கீறினாலும் நான் பாஸ் போட மாட்டன்."

ஆண்கள் பக்கத்தில் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம். ஒற்றை மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. கடற்காற்றில் வந்த உப்பும் விளக்கில் எரியும் தேங்காயெண்ணெய் வாடையும் அன்று புது பிளாஸ்டிக் மணத்தோடு கலந்திருந்தன. அந்த மணம் மேசையில் இருந்த பொதியிலிருந்து வந்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று அனுப்பிய புதுத் திரை அதற்குள் இருந்தது. மயில்நீல வெல்வெட். அதில் அச்சடித்த முருகன். சுற்றிவர மினுக்கம். இரண்டு கண்ணும் ஒரே அளவு.

நிருவாகத் தலைவர் எழுந்து சொன்னார்: "வாற வெள்ளிக்கிழமை புதுத் திரை கட்டுறது. பழசை முறைப்படி கடலில விடுறது. ஆருக்கும் ஆட்சேபனை இல்லைத்தானே?"

நான் எழும்பினேன். "எனக்கு இருக்கு."

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்குச் சித்திரம் படிப்பித்து இளைப்பாறியவர். நல்ல மனுசன். கோபம்கூட இல்லாமல், வகுப்பில் விளங்கப்படுத்துவது போலச் சொன்னார்:

"தங்கச்சி, உங்களுக்குக் கும்பிடத் தெரியும். அதில நான் குறை சொல்ல மாட்டன். ஆனால் பார்க்கத் தெரியாது. ரெண்டும் வேற வேற அலுவல்."

இந்தக் கிழமை நான் எழுத வந்தது அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் படத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

விலகாத திரை

வேறு ஊர்க் கோயில்களில் திரை விலகும், சாமி தெரியும். எங்கள் கோயிலில் திரை விலகாது.

இது கிழக்கில் சில முருகன் கோயில்களில் உள்ள வழக்கம். பூசை செய்பவரைக் கப்புகனார் என்போம். அவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். அங்கே என்ன இருக்கிறது, என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுவதும் இல்லை. எங்களுக்குச் சாமி திரையில் எழுதிய படம்தான். மயில் மேல், தேவிமார் இல்லாமல், தனியே இருக்கிறார். ஒரு முகம், இரண்டு கை, கையில் வேல்.

அதனால் அந்தத் திரையை வெறும் சீலை என்று ஒருவர் சொன்னால் எனக்கு நெஞ்சில் குத்தும். கலியாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முன்னால் இருந்தவள் நான்.

இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கோயில் சின்னது. திரைக்கு நேர் முன்னால் மேளமும் பூசைத் தட்டுகளும் இருக்கும். ஆண்கள் வலது கரை, பெண்கள் இடது கரை. எங்களுக்குத் தூணுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஒடுக்கம்தான். திரைக்கு மிகக் கிட்ட, ஆனால் ஒரேயடியாகக் கரையில். பாய் விரித்தால் பத்துப் பேர் முழங்கால் இடிக்க இருக்கலாம்.

ஆண்கள் பக்கத்தில் ஒரு பழைய பகிடி உண்டு. "சாமி எங்களை ஒரு கண்ணைச் சுருக்கிச் சந்தேகமாத்தான் பாக்கிறார்" என்பார்கள்.

"காரணம் இல்லாமலோ?" என்று நாங்கள் கேட்போம்.

எங்களை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. இரண்டு கண்ணும் நிறைய, நேரே பார்ப்பார். அந்த வித்தியாசத்தை இத்தனை வருடமாக நான் பகிடியோடு விட்டுவிட்டேன். அது என் பிழை.

சட்டையைத் தலைகீழாகப் பிடித்தல்

பார்ப்பது எனக்குச் சோறு போட்ட தொழில்.

பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில், கந்தளாய்ப் பாதையில் இருந்த கார்மென்ற்ஸ் ஒன்றில் செக்கராக வேலை செய்தேன். தைத்து வரும் சட்டைகளில் பிழை பிடிக்கும் வேலை. விடிய பஸ். மேசைக்கு அந்தப் பக்கம் மூதூரிலிருந்து வரும் பரீதா. என் வயதுதான். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

சேர்ந்த முதல் மாதம் ஒரு பெட்டி முழுக்கத் திரும்பி வந்தது. எல்லாம் நான் பார்த்து விட்ட சட்டைகள். இடது பொக்கற் அரை விரல் கீழே இறங்கியிருந்தது. நூறு தரம் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. நான் அழுதுகொண்டு நின்றேன்.

"என்னடி அழுவுறாய்? நீ சட்டையைப் பாத்தாய், அதான். சட்டை எண்டு தெரிஞ்ச உடனே கண்ணு படுத்திரும். இஞ்ச தா" என்று பரீதா ஒரு சட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். "இப்ப இது சட்டை இல்லை. துணியும் கோடும். பாரு."

பார்த்தேன். பொக்கற் கோணலாகத் தொங்கியது. இவ்வளவு பெரிய பிழையை எப்படித் தவறவிட்டேன்!

அன்றிலிருந்து இரண்டு பேரும் எங்களுக்கென்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். முழுவதையும் ஒருமிக்கப் பார்ப்பதில்லை. கொலரின் இடது மூலையில் கண்ணை வைத்து, எறும்பு போவது போல ஓரமாகவே போய்ச் சுற்றி வருவது. பிறகு தலைகீழ். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்புவது. முன்பக்கம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் உள்பக்கம் பார்க்காமல் முத்திரை குத்துவதில்லை. கண்டதைச் சொல்வது, காணாததைச் சொல்லாமல் விடுவது. "நல்லாத்தான் இருக்கும்" என்று பரீதாவிடம் சொன்னால் போச்சு. "இருக்கும் எண்டால் என்ன? நீ கண்டியோ?" என்பாள்.

இன்றைக்கும் வீட்டில் கலண்டர்ப் படத்தைக்கூட அப்படித்தான் பார்க்கிறேன். எங்கள் குசினிச் சுவரில் இருக்கும் லட்சுமியின் தாமரைக்குத் தண்டே இல்லை. தண்ணீருக்கு மேலே சும்மா நிற்கிறது. மூன்று வருடம் தேங்காய் திருவும்போது பார்த்தும் போன மாதம்தான் கண்டேன்.

மூன்று நாள்

இனிச் சொல்வது எனக்குக் கஷ்டமான பகுதி.

ஒருமுறை, கடலுக்குப் போன என் மனுசனின் படகு திரும்பி வரவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரியும். முதல் நாள் கரையில் நின்றேன். இரண்டாம் நாள் கோயிலுக்குள் போய்த் தூணடியில் இருந்தவள் எழும்பவில்லை. பெண்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். யாரோ தேத்தண்ணி பருக்கினார்கள். அது உப்பாக இருந்தது, என் வாய் உப்பு.

மூன்றாம் நாள் விளக்கேற்றும் நேரம் அண்ணாந்து பார்த்தேன். சாமியின் இடது கண்ணுக்கு, அதாவது எங்கள் பக்கத்துக் கண்ணுக்கு, கீழே ஒரு துளி மினுங்கியது.

"லட்சுமியக்கா, சாமி அழுறார்" என்றேன், பாயில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் இருப்பவவிடம்.

அவவும் கண்டா. எல்லோரும் கண்டார்கள். அடுத்த நாள் காலையில் வேறு ஊர்ப் படகு ஒன்று என் மனுசனின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அவர், உதடு வெடித்து, குரல் இல்லாமல், ஆனால் உயிரோடு.

அதற்குப் பிறகு அந்தத் துளி எங்களுடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மகனுக்கு வெளிநாட்டுக் கடிதம் வரவில்லை என்றாலும், பெண்கள் அந்தத் துளியைப் பார்த்துத்தான் நேர்ந்துகொண்டார்கள். எங்களோடு அழுத சாமி. அதை முதலில் சொன்னவள் நான்.

பின்பக்கம்

கூட்டத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னர், பொதி வருவதற்கு முன்னர், கப்புகனார் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, திரையில வளையம் கோக்கிற ஓட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு. உங்கட கை கார்மென்ற்ஸ் கைதானே. விரதம் இருந்து தைச்சுத் தருவியளோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

விரதம் இருந்தேன். அவர் திரையை மண்டபத்துப் புதுப் பாயில் விரித்துவிட்டுத் தள்ளி இருந்தார். காலை வெயில் யன்னலால் நேரே விழுந்தது. வளையங்கள் மேல் விளிம்பில் இருந்தபடியால் நான் தலைமாட்டில் இருந்து தைத்தேன். அதாவது சாமியின் முகம் எனக்குத் தலைகீழாகக் கிடந்தது.

மூன்றாவது ஓட்டை தைக்கும்போது என் கை நின்றது.

ஒரு கண் சின்னது. ஒரு கண் பெரிது.

வெள்ளிக்கிழமை தோறும் பார்த்த முகம். ஒருநாளும் எனக்கு அப்படித் தெரியவில்லை. சாமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தையல் நூலை எடுத்து அளந்தேன். இடது கரையில் உள்ள கண் என் இரண்டு விரல். வலது கரையில் உள்ளது மூன்று விரலுக்குக் கொஞ்சம் குறைவு. நூல் பொய் சொல்லாது.

பிறகு ஓரத்தைப் பார்த்தேன். சுற்றிவர மடித்துக் கையால் தைத்திருந்தார்கள். ஒரு முழத்துக்குத் தையல் நெருக்கமாகப் போகிறது, பிறகு அகலுகிறது, பிறகு ஒவ்வொரு தையலும் மற்றப் பக்கம் சாய்கிறது. அப்படிச் சாய்ப்பவள் இடக்கைக்காரி. கார்மென்ற்ஸில் எங்கள் வரிசையில் அப்படி ஒருத்தி இருந்தாள், எனக்குத் தெரியும். ஆக மூன்று பேராவது ஒன்றாக இருந்து தைத்திருக்கிறார்கள். யார் என்று எங்கும் எழுதியில்லை.

கடைசியாக உள்பக்கம். விளிம்பு மடிக்க வேண்டியிருந்ததால் கப்புகனாரே திரையைத் திருப்பித் தந்தார். துணிக்கு முதலில் தடிப்பாக ஏதோ வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன்மேல்தான் வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதனால் பின்னால் ஒரு நிறமும் தெரியவில்லை. மயிலின் நீலம்கூட இல்லை. வெறும் துணி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு புள்ளி. நடுவில் கறுப்பு, சுற்றிவர மஞ்சள் வளையம். முன்பக்கம் எந்த இடம் என்று விரல் வைத்துப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே.

குனிந்து மணந்து பார்த்தேன். பழைய தேங்காயெண்ணெய்.

திரைக்கு இடது பக்கத்தில்தான் தூக்குவிளக்குத் தொங்கும்.

நான் தையலை முடித்தேன். ஒரு தையலும் கோணவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

என் மனுசனுக்குச் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வந்தது?"

"வந்தது வந்ததுதான். அது முருகன் தந்தது."

"பிறகென்ன? நான் அங்க நாக்கு வறண்டு கிடக்கேக்க இஞ்ச ஆர் அழுததெண்டு நான் இப்பவோ விசாரிக்கப் போறன்?" என்று வலையைத் திரும்ப எடுத்தார்.

எனக்கு அது போதவில்லை. கண் விசயம் வேறு குடைந்தது. பரீதாவுக்குப் போன் எடுத்தேன்.

"அடியே, சாமி விசயத்துக்கு என்னைக் கூப்பிடாத. நாங்க படத்தைக் கும்பிடுற ஆக்கள் இல்லை. தையலைக் கேளு, சொல்லுறன்."

"தையல் மாதிரித்தான். அளந்தால் பிழை. என்ர கண்ணுக்குச் சரி. அதெப்படி?"

"நீ மேசையில எந்தப் பக்கம் நிண்டு பாத்தாய்?"

அந்தக் கேள்வியோடு அன்று பின்னேரமே கோயிலுக்குப் போனேன். திரை திரும்பக் கட்டியிருந்தது. தூணடியில் என் இடத்தில் இருந்தேன். இரண்டு கண்ணும் ஒரே அளவு! எழும்பி நாலு எட்டு நடுவுக்குப் போனேன். வலது கண் பெரிது. இன்னும் நாலு எட்டு ஆண்கள் பக்கம் வைத்தேன். இடது கண் இன்னும் சுருங்கி, ஆண்கள் சொல்லும் அதே சந்தேகப் பார்வை. கப்புகனார் இருமினார். நான் திரும்பி ஓடி வந்துவிட்டேன்.

நிலாவெளி பஸ் நிற்கும்போது அதன் முன் மூலையில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். கிட்ட இருக்கும் சக்கரம் பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சின்னதாக. எங்கள் ஒடுக்கத்திலிருந்து பார்த்தால், ஆண்கள் பக்கம் உள்ள வலது கண் தள்ளி இருக்கிறது. அதனால் எழுதியவர் அதைப் பெரிதாக எழுதியிருக்கிறார். கை வராமல் செய்த பிழை இல்லை. எங்கே இருப்பவர்களுக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

மண்டபம்

கூட்டத்துக்கு முதல்நாள், பழைய திரையைக் கடலில் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு லட்சுமியக்கா என் வீட்டுக்கு வந்தா.

"ராணி, நீ ஒண்டும் பெரிசாக் கதைக்காத. கண்ணீர் விட்ட சாமியைக் கடலில எறியப் போறியளோ எண்டு மட்டும் கேள். ஒரு ஆம்பிளையும் வாய் திறக்க மாட்டான்."

அவ சொன்னது சரி. அந்த ஒரு கேள்வி போதும். நான் தேத்தண்ணி போட எழும்பினேன்.

அன்று மண்டபத்தில், பார்க்கத் தெரியாது என்று மாஸ்ரர் சொன்னதும், நான் வாய் திறக்க முந்தி லட்சுமியக்கா எழும்பிவிட்டா.

"எங்களுக்குப் பார்க்கத் தெரியாதோ? அழுத சாமி மாஸ்ரர் அது! இவளின்ர மனுசனைக் கடலால கொண்டு வந்து தந்த சாமி. அந்தக் கண்ணீர் இன்னும் முகத்தில கிடக்கு. அதைக் கடலில விட உங்களுக்கு மனம் வருமோ?"

பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். தலைவர் கதிரையில் நெளிந்தார். ஆண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அப்பிடியெண்டால் யோசிக்கத்தான் வேணும்" என்று தலைவர் மெல்லச் சொன்னார்.

வென்றுவிட்டோம். நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

என்னால் இருக்க ஏலாமல் போனது. பார்க்கத் தெரியாது என்ற அந்தச் சொல் காதுக்குள் நின்றது. கண்டதைக் காணாததாகச் சொல்லித் திரையைக் காப்பாற்றினால், மாஸ்ரர் சொன்னது உண்மை என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி.

"அது கண்ணீர் இல்லை" என்றேன். "எண்ணெய். தூக்குவிளக்கில இருந்து தெறிச்சது. பின்பக்கம் ஊறியிருக்கு. நான் கண்ணால கண்டனான், மணந்து பாத்தனான்."

பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"உன்ர வாயில புண் வர!" என்றா லட்சுமியக்கா. "சாமி அழுறார் எண்டு சொன்னவளே நீதானேடி!"

"ஓம் அக்கா. நான்தான் சொன்னனான். நான் சொன்னது பிழை. என்ர மனுசனைத் தந்தது முருகன்தான், அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது எண்ணெய்."

"இப்ப திரை போகப் போகுது. சந்தோசமோ?"

"போகாது" என்றேன். மாஸ்ரர் பக்கம் திரும்பினேன். "மாஸ்ரர், நீங்கள் போனில எடுத்த படம் எங்க நிண்டு எடுத்தது?"

"நேர நடுவில நிண்டுதான். அப்பிடித்தானே எடுக்க வேணும்?"

"நடுவில ஆர் இருந்து கும்பிடுறவை? மேளம் இருக்கும். தட்டு இருக்கும். ஆக்கள் இருக்கிறேல்லை. அந்தப் படம் மேளத்துக்கு எழுதினதில்லை. நீங்கள் எங்கட பக்கம் வந்து, எங்கட பாயில இருந்து பாருங்கோ. பாத்திட்டும் கண் பிழை எண்டால், நானே திரையைத் தலையில தூக்கிக்கொண்டு போய்க் கடலில விடுறன்."

ஆண்கள் பக்கத்தில் ஒருவர், "மாஸ்ரர், சீலை ஒண்டும் உடுத்துக்கொண்டு போங்கோ!" என்றார். பெரிய சிரிப்பு.

மாஸ்ரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எண்ணெய் எண்டது உண்மையோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஓம் என்றேன்.

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

பாயில்

சபை முழுக்க உள்ளே வந்தது. நாங்கள் ஒடுக்கத்தில் எங்கள் வழமையான இடங்களில் இருந்தோம்.

"கொஞ்சம் எழும்பி இடம் விட்டீங்களெண்டால்..." என்று மாஸ்ரர் தயங்கினார்.

"எழும்ப மாட்டம்" என்றேன். "நாங்கள் நெரிச்சுக்கொண்டு இருக்கேக்க என்ன தெரியுதோ அதுதான் தெரிய வேணும். தள்ளியிருந்து இடம் தாறம், இருங்கோ."

எழுபது வயது மனுசன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, எனக்கும் லட்சுமியக்காவுக்கும் இடையில், தூணோடு ஒட்டி உட்கார்ந்தார். லட்சுமியக்கா என்னோடு கோபம் என்றாலும் அவருக்கு முழங்கால் நீட்ட இடம் விட்டா. கப்புகனார் விளக்கைத் தூண்டிவிட்டார்.

மாஸ்ரர் அண்ணாந்து பார்த்தார்.

ஒரு கண்ணை மூடினார். கையை நீட்டிப் பெருவிரலை நிறுத்தி அளந்தார். உடம்பை வலது பக்கம் சாய்த்தார், லட்சுமியக்கா "ம்ம்" என்று செருமியதும் நிமிர்ந்தார். மறுபடி அளந்தார். அதற்குப் பிறகு அளக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்தார். வெளியில் ஒரு படகு கரை ஏறும் சத்தம் கேட்டு அடங்கும் வரை பார்த்தார். அவர் கைகள் தானாகக் கூடியதை நான் கண்டேன். அதை அவர் கவனித்தாரோ தெரியாது.

எழும்பும்போது தூணைப் பிடித்துக்கொண்டு தலைவரிடம் சொன்னார்: "புதுசை அலுமாரியில வையுங்கோ. குடுத்தவைக்கு நான் கடிதம் எழுதுறன். என்ர பிழை எண்டே எழுதுறன்."

லட்சுமியக்கா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. அந்தத் துளியைப் பார்த்து இன்றைக்கும் நேர்கிறா. நேரட்டும். அதைத் தடுக்க நான் யார்? எண்ணெய் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

கை

அன்று கோயில் வாசலில் செருப்புப் போடும்போது மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, கண் விசயத்தில நீங்கள் வெண்டிட்டீங்கள். நான் ஒண்டு சொல்லட்டோ? வேல் பிடிச்சிருக்கிற கையைக் கவனிச்சனீங்களோ? விரல் மூடியில்லை. அது பிடிச்ச கை இல்லை, குடுக்கிற கை. எங்களுக்கு வேலைத் தாறார்."

எனக்குத் திக்கென்றது. இத்தனை வருடம் முகத்தைப் பார்த்தவள் கையைப் பார்க்கவில்லை! ஒரு தரம் பாயில் இருந்த மனுசன் கண்டுவிட்டார். உடனே ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் இன்னும் காணவில்லையே. "பாத்திட்டுச் சொல்லுறன் மாஸ்ரர்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாயில் இருந்து முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு, பிறகு ஒவ்வொரு விரலாக. மாஸ்ரர் சொன்னது சரி, விரல் மூடவில்லை. வேல் கையில் சும்மா கிடக்கிறது. ஆனால் உள்ளங்கை எந்தப் பக்கம்? இன்னும் ஒருமுறை தோளிலிருந்து வந்தேன். உள்ளங்கை மேலே பார்க்கிறது.

பூசை முடிந்ததும் வெளியே நின்ற மாஸ்ரரிடம் போனேன்.

"நீங்கள் சொன்னது பாதிதான் சரி. குடுக்கிற கையெண்டால் உள்ளங்கை கீழ பாக்கும். இது மேல பாக்குது. அது வாங்கிற கை."

"வாங்கிறதோ? முருகன் ஆரிட்ட வேல் வாங்கிறார்?"

"ஏன், வேலைக் குடுத்தது ஆர்? தாய்தானே."

"அது கதை. இந்தப் படத்தில தாய் எங்க? தேவிமார்கூட இல்லை. தனிய இருக்கிறார்."

"படத்துக்குள்ள இல்லை" என்றேன். "கை எந்தப் பக்கம் நீண்டிருக்கு? அந்தப் பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ."

மாஸ்ரர் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார். திரையில் அந்தக் கை இடது கரைக்கு நீண்டிருந்தது. தூணடியில் லட்சுமியக்காவும் மற்றப் பெண்களும் இன்னும் எழும்பாமல் இருந்தார்கள்.